ஆடிப்பட்டத்துக்கு முன் உடம்பைத் தயார்படுத்துங்கள்

டெல்டா பக்கத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 62. கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. மொட்டை மாடியில் நாற்பது குரோ பேக், அதாவது மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பை. கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, ஒரு பந்தலில் புடலையும் அவரையும். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் நேராக மாடிதான், ஏழரை வரை இறங்குவதில்லை. போன தை மாதம், நிழல் விழுந்த மூலையில் இருந்த ஒரு கத்தரிப் பையை வெயில் படும் இடத்துக்கு மாற்றலாம் என்று குனிந்து தூக்கித் திரும்பியிருக்கிறார். இடுப்பில் மளுக்கென்று பிடித்துக்கொண்டது. பத்து நாள் படுக்கை. டாக்டரிடம் போனபோது, ரொம்ப நாளாக இருந்த முழங்கால் வலிக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். "மூட்டுத் தேய்மானம், இரண்டாம் நிலை. சம்மணம் போடாதீர்கள், குந்தாதீர்கள்" என்று சொல்லி மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பு வலி இப்போது இல்லை. முழங்கால் மட்டும் படி இறங்கும்போது வலிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, சர்க்கரை கிடையாது. வெளியூரில் இருக்கும் மகன், "போதும்மா, பையை எல்லாம் யாருக்காவது கொடுத்துடு" என்கிறார். "அவர் போன பிறகு நான் மனம்விட்டுப் பேசுவது இந்தச் செடிகளோடுதான்" என்று எழுதியிருக்கிறார் அந்த அம்மா.

அவர் கேட்பவை இவை. தோட்டத்தை விட்டுவிட வேண்டுமா? தினம் இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்கிறேனே, தனியாக உடற்பயிற்சி எதற்கு? இந்த வயதில் எடை தூக்கினால் தேய்ந்த மூட்டு இன்னும் தேயாதா? பெல்ட்டும் முழங்கால் உறையும் போட்டுக்கொண்டு ஆடியில் விதை போட்டுவிடலாமா?

அன்புள்ள அம்மா,

தோட்டத்தை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது. ஆனால் தையில் எந்த நிலையில் விட்டீர்களோ அதே நிலையில் திரும்ப மாடி ஏறுவதும் சரியில்லை. அப்படிப் போனால் இன்னொரு பையும் இன்னொரு பத்து நாள் படுக்கையும் காத்திருக்கும். நீங்கள் எழுதியது சித்திரைக் கடைசியில். வைகாசி, ஆனி இரண்டு மாதம் முழுசாகக் கையில் இருக்கிறது. தசைக்கு வலு கூட எட்டு வாரம் நல்ல கணக்கு. அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் உங்களைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். தொடங்குமுன் இதை உங்கள் டாக்டரிடமோ பக்கத்தில் இருக்கும் இயன்முறை மருத்துவரிடமோ (பிசியோதெரபிஸ்ட்) ஒருமுறை காட்டுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

தோட்ட வேலையே போதாதா?

நல்ல உழைப்புதான், சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அது உங்கள் மாடியிலேயே பெரும்பாலும் தேறிவிடும். அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி இருக்கிறது: வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வாரம் குறைந்தது மூன்று நாள் சமநிலைக்கான பயிற்சியும் சேரும். நம் ஊரில் முதல் வரி மட்டும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. இரண்டாவது வரியை யாரும் நம்மிடம் அழுத்திச் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றுவது, பழுத்த இலையைக் கிள்ளுவது, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பது. இதற்கெல்லாம் தொடையும் முதுகும் பெரிதாக வலுவடைய வேண்டிய தேவையே வராது. மாதக்கணக்கில் இப்படி லேசான வேலை, பிறகு ஒரு நாள் திடீரென்று ஒரு பை. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை ஏறக்குறைய 22 லிட்டர் கொள்ளும். அதில் முக்கால் பாகம் செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி, தண்ணீர் ஊற்றி ஊறிய பிறகு 15 கிலோவுக்குக் குறையாது. காலி காஸ் சிலிண்டர் ஒன்றைக் குனிந்து தூக்கி, அப்படியே உடம்பைத் திருப்பியிருக்கிறீர்கள் அம்மா. இடுப்பு உங்களைக் கைவிடவில்லை. பழக்கமே இல்லாத சுமையைத் திடீரென்று அதன்மேல் ஏற்றிவிட்டோம்.

முப்பது வயதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வரும், அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடும். உங்கள் தோட்டம் இருக்கிற பலத்தை எடுத்துச் செலவழிக்கிறது. அதை ஈடுகட்ட வேறொரு இடத்தில் சேமிக்க வேண்டும். அதற்கு வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும்.

'தேய்மானம்' என்ற சொல்

இந்தச் சொல்மேல் எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு. செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது, அவை பயன்படுத்தினால் குறையும். அதே சொல்லை மூட்டுக்கும் வைத்துவிட்டதால், நடக்க நடக்க முழங்கால் தீர்ந்துபோகும் என்று மக்கள் நம்பிவிட்டார்கள். என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் மாடிப்படியையே விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் தொடை மெலிந்து, பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலையில் வருகிறார்கள்.

மூட்டின் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அமுங்கி விடுபடும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருகிறது, அதுதான் அதற்குச் சாப்பாடு. அசைக்காமல் வைத்த மூட்டுக்கு அந்தச் சாப்பாடு குறையும், சுற்றியிருக்கும் தசையும் மெலியும். தசை தாங்காத பாரத்தை மூட்டுதான் தாங்க வேண்டிவரும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற முழங்காலோடு வலியில்லாமல் வயலுக்குப் போகிறவர்களும் உண்டு, படத்தில் லேசான மாற்றம் இருந்து வலியில் தவிப்பவர்களும் உண்டு. படம் மட்டும் உங்கள் எதிர்காலத்தைச் சொல்லிவிடாது. முழங்கால் மூட்டுவலிக்கு இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வதே தொடையை வலுப்படுத்தும் பயிற்சியும், எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதும்தான்.

ஆகவே அளவோடு எடை தூக்கினால் மூட்டு கெடாது. 'குந்தாதீர்கள்' என்று உங்கள் டாக்டர் சொன்னதை மீறச் சொல்லவும் இல்லை. வலியுள்ள முழங்காலை முழுக்க மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் அழுத்தம் கூடும், அவர் சொன்னது நியாயம். நாற்காலி உயரத்துக்கு மட்டும் மடக்கி எழுவது வேறு விஷயம். அடுத்த முறை போகும்போது "நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யலாமா?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

சுவரோடு சேர்த்து ஒரு நாற்காலியைப் போடுங்கள். உட்காரும் பலகை தரையிலிருந்து 17 அங்குலம் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுக்க எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று அர்த்தம். எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அங்கிருந்து தொடங்கி ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

ஜிம்மும் வேண்டாம், கருவியும் வேண்டாம். செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தசைக்கு ஓய்வு கிடைக்கும். தொடங்குமுன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள்.

உட்கார்ந்து எழுதல்: அதே நாற்காலி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். மெதுவாக இறங்குவதிலும் நல்ல பலன் இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் அது போயிற்று. முழங்கால் முணுமுணுத்தால் ஒரு தலையணையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை. இரண்டு வாரத்தில் இது சுலபமாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்கள் பயிற்சியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள்.

கோல் வைத்துக் குனிதல்: பையைத் தூக்கியபோது நீங்கள் தவறவிட்டது இதைத்தான். ஒட்டடைக் குச்சியை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மறு கை இடுப்புக்குப் பின்னால். பின்தலை, மேல்முதுகு, முதுகெலும்பு முடியும் இடம் மூன்றிலும் குச்சி தொட வேண்டும். இனி முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவதுபோல் குனியுங்கள். குச்சி மூன்று இடத்திலும் தொட்டபடியே இருந்தால் முதுகு வளையவில்லை, தொடை சேரும் இடத்தில்தான் மடிகிறீர்கள். எங்காவது விலகினால் அதோடு நிறுத்தி நிமிருங்கள். பத்து முறை. மூன்றாவது வாரத்திலிருந்து முக்காலிமேல் வைத்த கால்வாசி வாளித் தண்ணீரை இதே முறையில் தூக்கி வையுங்கள். பிறகு அரை வாளி, பிறகு தரையிலிருந்து.

சுமந்து நடத்தல்: இரண்டு துணிப்பையில் ஒரே அளவு எடை, கைக்கு இரண்டு கிலோவில் ஆரம்பம். தோளை இறக்கி, நேராக நிமிர்ந்து கூடத்தில் நாலு நடை. ஒரு மாதம் போனதும் ஒரு கையில் மட்டும் பிடித்து, உடம்பு சாயாமல் நடந்து பாருங்கள். பூவாளி தூக்குவது இதுதானே.

சுவர்த் தள்ளல்: சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று உள்ளங்கைகளை ஊன்றி, மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி வருவது. பந்தலில் கையை உயர்த்திக் கட்டுகிற தோளுக்கு இது வேண்டும்.

குதிகாலும் ஒற்றைக்காலும்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், பத்து முறை. பிறகு ஒரு தோசை ஒரு பக்கம் வேகும் நேரம் ஒற்றைக்காலில் நில்லுங்கள், விரல் மேடையைத் தொட்டபடியே. ஈரமான மாடித்தளத்தில் வழுக்கும்போது காப்பாற்றுவது இந்தப் பழக்கம். இதைத் தினமும் செய்யலாம்.

கைப்பிடிக்கு, நனைத்த துண்டை இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பிழிவதே போதும்.

எந்தப் பயிற்சியிலும் கடைசி இரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லாமல் முடிந்தால் தசைக்கு வேலை வரவில்லை, எடையைச் சிறிது கூட்டுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். தூக்கும்போது வாயால் ஊதி விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கனத்து வலித்தால் பயப்பட வேண்டாம், புதிய வேலைக்குத் தசை பழகுகிறது. மூட்டு வலியை மட்டும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டுப் பாருங்கள், ஆசிரியைக்கு மதிப்பெண் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்யும்போது நாலு வரை வந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் முந்தின முறை செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள்.

சாப்பாட்டில் புரதம் இல்லாமல் தசை கட்டாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். சுண்டல், பாசிப்பயறு, தயிர், சாப்பிடுவீர்கள் என்றால் முட்டை. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

ஐந்தரை மணிப் பழக்கம்

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியது இந்த வரிதான்: எழுந்ததும் நேராக மாடி. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) இரவு படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரம் அவை விறைத்திருக்கும். அப்போது ஆழமாகக் குனிந்தால் அவற்றின்மேலும் சுற்றியுள்ள தசைநார்மேலும் விழும் இழுப்பு, மற்ற நேரத்தைவிட மிக அதிகம். நேரத்தை மாற்றச் சொல்லவில்லை, வேலையின் வரிசையை மாற்றுங்கள். முதலில் நின்றபடி செய்பவை: ஹோஸில் தண்ணீர், பந்தல் கட்டு, காய் பறிப்பு. களை எடுப்பது, மண் கிளறுவது, எதையும் தூக்குவது ஆறரைக்கு மேல்.

இன்னும் சில மாற்றங்கள். பத்து லிட்டர் பூவாளியை நிறைத்தால் தண்ணீர் மட்டும் பத்துக் கிலோ, ஐந்து ஐந்தாக இரண்டு நடை போங்கள். பையை வேறொரு இடத்தில் நிரப்பித் தூக்கிவராமல், அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள். மிளகாய், கீரைப் பைகளை இடுப்பு உயர மேடைக்கு மாற்றினால் குனிவதே பாதி குறையும். குந்துவதற்குப் பதில் முழங்கால் செங்கோணத்துக்கு மேல் மடங்காத உயரத்தில் ஒரு ஸ்டூல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். படி ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். ஏற்கெனவே இருக்கும் பெரிய பையை நகர்த்த வேண்டியிருந்தால் ஆள் கூப்பிடுங்கள். நாற்பது பையையும் தானே நகர்த்தினால்தான் தோட்டக்காரி என்று யார் சொன்னது?

பெல்ட்டும் முழங்கால் உறையும்

வலி கடுமையாக இருந்த நாட்களில் பெல்ட் உதவியிருக்கும். பெல்ட் போட்டுக்கொண்டு தூக்கினால் இடுப்பு பிடிக்காது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அது தரும் தைரியத்தில் அதிக எடையைத் தூக்கிவிடுகிறோம் என்பதே என் கவலை. வலி போய்விட்ட இப்போது அதைக் கழற்றிவிடலாம். முழங்கால் உறை இதமாக இருந்தால் தோட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள், தடையில்லை. உறை தொடையை வலுப்படுத்தாது, அவ்வளவுதான்.

எப்போது நிறுத்த வேண்டும்?

உட்கார்ந்து எழும்போது தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்தி, ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலியோ இறுக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108. முழங்கால் சிவந்து சுட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தாலும், காலில் பலம் குறைந்தாலும் அன்றே மருத்துவமனை. இடுப்பு வலியோடு தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது இரண்டில் எது வந்தாலும் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். உங்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. தேவையா என்று கேளுங்கள். அது தெரியும்வரை, காலை நீட்டி உட்கார்ந்து விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கி எழுவது (சிட்-அப்) போல முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சிகளை, யார் சொன்னாலும் தவிர்த்துவிடுங்கள்.

மகனுக்கு

அவர் சொன்னது உங்கள்மேல் உள்ள பயத்தில். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு 'அம்மா விழுந்துட்டா' என்று ஒரு போன் வந்துவிடக்கூடாது என்ற பயம்தான் அது. வாதாட வேண்டாம். இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள், காலண்டரில் எழுதிய எண்ணையும் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்து இன்னொரு எண், எட்டு வாரம் கழித்து இன்னொன்று. உங்கள் எண், எட்டாக இருந்தால் ஒன்பதாகி, பன்னிரண்டாகும்போது அவர் பயம் தானாகக் குறையும்.

ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிறு அவரை ஊருக்கு வரச்சொல்லுங்கள். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியை மாடிக்கு அவர் தூக்கட்டும், உலர்ந்தபடியே. மேலே வைத்துத் தண்ணீர் ஊற்றி உதிர்த்து, பைகளை நிற்கும் இடத்திலேயே நிரப்புங்கள். புடலை விதையை நீங்கள் ஊன்றுங்கள். அந்த எட்டாவது வார எண் என்ன என்று எனக்கும் எழுதுங்கள் அம்மா, எதிர்பார்த்திருப்பேன்.